எட்டுக்கு இறங்கிய எண்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அவள் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று வெள்ளி, மாலை நான்கு மணி.

வாயால் சொன்ன பொய்யாக இருந்தால் மென்று விழுங்கிவிடலாம். 'நான் எங்கே அப்படிச் சொன்னேன்' என்று சண்டைக்கே போகலாம். இது அச்சடித்துக் கொடுத்த பொய். மொத்தம் நான்கு தாள். நான்கிலும் மருத்துவமனையின் பெயர், தேதி, கீழே பரிசோதகரின் கையெழுத்து. அதில் எண் மட்டும் அவளுடையது.

வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அனல் காற்று புழுதியைத் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பெருக்கிக்கொண்டிருந்தது. மெஷினின் சூடும் வெளிச்சூடும் சேர்ந்து, தாளைத் தொட்டால் அப்பொழுதுதான் இஸ்திரி போட்ட சட்டை போலிருந்தது. கவுண்டருக்கு வெளியே ஒருவன் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு நெளிந்தான்.

"அக்கா, ஒரே ஒரு ஏழு. அதை ஒண்ணாக்கிக் கொடுத்துட்டா என் வேலை முடிஞ்சுடும்."

"வேற கடைக்குப் போப்பா."

"மேல இருக்கற கோட்டை மட்டும் அழிச்சா போதும்க்கா."

"உன் வயசை உங்கம்மாகிட்டப் போய் மாத்தச் சொல்லு. இங்க இருக்கறதை இருக்கற மாதிரிதான் எடுப்போம்."

அவன் சிரித்தபடியே போனான். "அக்காகிட்டக் கேட்டது என் தப்பு. ஊருக்கே தெரியும்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிவிட்டுப் போனான்.

ஊருக்கே தெரியும். பதினாறு வருடக் கடை. ஒரு எழுத்தைக் கூட்டியதில்லை, ஒரு புள்ளியைக் குறைத்ததில்லை. அவளுக்கு அந்தப் பாராட்டு செருப்புக்குள் கிடக்கிற கல் மாதிரி உறுத்தியது.

அன்று மதியம்தான் மருத்துவமனைக்குக் கணவர் இல்லாமல் தனியாகப் போய்வந்திருந்தாள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ரத்தத்துல நம்பர் மட்டும் ஏறியிருந்தா இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம்னு சொல்லுவேன். ஸ்கேனும் அதையேதான் சொல்லுது. நுரையீரல்ல இருக்கற கட்டி வளர்ந்திருக்கு. கல்லீரல்ல புதுசா ரெண்டு புள்ளி. மாத்திரைக்கு அது பழகிடுச்சும்மா. இனி ட்ரிப்புல ஏத்தற மருந்துதான்."

"எப்போ?"

"திங்கட்கிழமை ஆரம்பிச்சா நல்லது. இப்ப உடம்பு தாங்கும். இன்னும் ஒண்ணரை மாசம் தள்ளிப்போட்டா, நானே கொடுக்க யோசிப்பேன். ஆனா அவர் கையெழுத்து வேணும். அவருக்கு நம்பர் ஏறினது தெரியாதுன்னீங்க. நீங்க கேட்டீங்களேன்னு ரெண்டு தடவை நானும் அந்தப் பேச்சை எடுக்கலை. அது தப்பு. திங்கட்கிழமை காலையில வர்றதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மனைவி எண்ணை மறைக்கிறாள் என்று தெரியும். மனைவி வேறு எண்ணை அடித்துக் கொடுக்கிறாள் என்பது தெரியாது.

*

ஐந்தரைக்கு அவர் வந்தார். அட்டைப்பெட்டி ஆலையில் பாய்லர் பார்ப்பவர். இருபத்தெட்டு வருடமாக அதே அடுப்பு, அதே உறுமல். நோய் தெரிந்த பிறகு நிர்வாகம் அவருக்குப் பகல் ஷிப்ட்டை மட்டும் கொடுத்து, விறகு தள்ளும் வேலையிலிருந்து விடுவித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். மணிக்கொரு தரம் பதிவேட்டில் குறிக்க வேண்டும். அழுத்தம் இத்தனை, தண்ணீர் மட்டம் இத்தனை, குறிப்பு, கையெழுத்து.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். படுக்கைக்கு மேலே ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது. தேதி, எண், குறிப்பு என்று மூன்று கட்டம். கட்டி ரத்தத்தில் கசியவிடுகிற ஏதோ ஒரு சத்தின் அளவு அந்த எண். நல்ல உடம்பில் ஐந்துக்குள் இருக்க வேண்டும். நோய் தெரிந்த அன்று அவருக்கு எண்பத்தாறு. மாத்திரை ஆரம்பித்ததும் முப்பத்து நான்கு. பிறகு முப்பத்தேழு. இருபது. பன்னிரண்டு. அதுவரை எல்லாம் நிஜம்.

அதற்கடுத்த மாதம் அவள் ரிப்போர்ட்டை வாங்கிப் பிரித்தபோது பத்தொன்பது என்றிருந்தது. வீட்டுக்கு வந்தால், அவர் ஏழு மாதத்துக்குப் பிறகு இரண்டு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் முட்டையோடு, "முதலாளி, எவ்வளவு?" என்றார். கடைக்காரியானதிலிருந்து அவளை அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

"பதினொண்ணு" என்றது அவள் வாய்.

அவர் கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்தார். "தாளைக் கொடு, குறிச்சுக்கறேன்."

"கடையில வச்சிட்டேன். எடுத்துட்டு வர்றேன்."

அந்தப் பத்து நிமிடத்தில் பதினாறு வருட நேர்மை முடிந்துபோனது. ஸ்கேன் செய்தாள், ஒன்பதை அழித்தாள், ஒன்றைப் பதித்தாள். பிரிண்டர் முனகிக்கொண்டே தாளைத் துப்பியது. அடுத்த மாதம் முப்பத்தொன்று வந்தது, பத்தாக்கினாள். ஐம்பத்திரண்டை ஒன்பதாக்கினாள். எழுபத்து நான்கு எட்டாகிப்போனது. ஒரு பூசணிக்காயை மறைக்கச் சோறு போட்டவள், சோற்றை மறைக்க இன்னொரு பூசணிக்காய் தேடிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி இருமினார். இருமல் முடிகிறவரை அவள் மெஷினைத் துடைப்பது போல நின்றாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"திங்கட்கிழமை ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க. மருந்தை மாத்தலாமான்னு பேசணுமாம்."

"எதுக்கு மாத்தணும்?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எட்டுக்கு வந்திருக்கு. ஓடிட்டிருக்கற பாய்லர்ல எவனாவது வால்வைத் திருகுவானா? நல்லா இறங்கிட்டிருக்கும்போது கையை வைக்காதே. இது எங்க தொழில்ல முதல் பாடம்."

"உடம்பும் பாய்லரும் ஒண்ணா?"

"ரெண்டுக்கும் தண்ணி குடுக்கலேன்னா வெடிக்கும். போய்த் தண்ணி கொண்டா."

அவள் உள்ளே போய்ச் செம்பை எடுத்தாள். இப்பவே சொல்லிவிடலாம் என்று திரும்பினாள். அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு ஏதோ மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செம்பு மட்டும்தான் கைமாறியது.

*

சனிக்கிழமை விடுமுறை. காலை பதினொரு மணிக்கு 'அரைமணி' வந்தான். அடுத்த ஷிப்ட்டுக்கு வந்து பாய்லர்காரரை விடுவிக்க வேண்டியவன். இருபது வருடமாக ஒரு நாள்கூட அரை மணிக்குக் குறைவாகத் தாமதித்ததில்லை என்பதால் ஆலையில் எல்லோருக்கும் அவன் அரைமணி.

"அண்ணி, ஆளு எங்க? உள்ள ராஜா மாதிரி படுத்திருக்காரா?"

"உனக்கு நேரம் ஆச்சே, இன்னும் வரலையேன்னு பார்த்துட்டே இருக்கார்."

"எமன்கூட எனக்கு அரை மணி லேட்டாத்தான் வருவான் அண்ணி. அப்படி ராசி."

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் சொல்கிறோம் என்று உறைத்தது அவனுக்கு. நாக்கைக் கடித்தான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய், அந்த ராசியில எனக்குக் கொஞ்சம் கடன் கொடுடா."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவர் இரும, அரைமணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே, ஆலையில் அதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டிய கதையைச் சொல்ல ஆரம்பித்தான். அவள் டீயோடு வாசற்படியில் நின்றாள்.

"நான் நேத்து ராத்திரி கொஞ்சம் கண்ணசந்துட்டேன் அண்ணே. எழுந்திரிச்சதும் நாலு மணி நேரத்துக்கும் சேர்த்து மொத்தமாக் குறிச்சு வச்சேன். அதிகாரி ஒரு பார்வைதான் பார்த்தார். 'ஏம்ப்பா, தூங்கிட்டியா'ன்னு கேட்டார். எப்படிக் கண்டுபிடிச்சார்?"

"என்ன குறிச்சே?"

"ஏழு, ஏழு, ஏழு, ஏழு."

"முட்டாப்பயலே. நிஜ முள்ளு குடிகாரன் மாதிரி. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் தள்ளாடும். ஒரே கோட்டுல நடக்குதுன்னா அது பேனாவோட வேலைன்னு அர்த்தம்."

டீ தம்ளர்கள் தட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அவர் திரும்பிப் பார்த்தார். "சூடா இருக்கா? அவன்கிட்டக் கொடு முதல்ல. அரை மணி ஆறட்டும்."

அவர் முகத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். பதினொன்று, பத்து, ஒன்பது, எட்டு. படிக்கட்டு கட்டியிருக்கிறாள், கைப்பிடி இல்லாததுதான் குறை.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. துணி காயப்போடும்போது சொல்ல நினைத்தாள். இரண்டு நாள் அனலுக்குப் பிறகு சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டின்போது சொல்ல நினைத்தாள். அவர் மூன்றாவது கவளத்திலேயே தட்டைத் தள்ளிவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அதற்காக இருவரும் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். சண்டையின் நடுவில் அதைச் சொல்ல முடியுமா? சமாதானமான பிறகு, அந்தச் சமாதானத்தைக் கெடுக்க மனம் வரவில்லை.

*

திங்கட்கிழமை, பத்து மணி. டாக்டரம்மாவின் அறை. மேசையின் இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, அந்தப் பக்கம் டாக்டரம்மா, நடுவில் ஒரு படிவம்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். 'சொல்லிட்டீங்களா?' என்று கேட்கிற பார்வை. அவள் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. நானே ஆரம்பிக்கிறேன்" என்று டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "இதுவரைக்கும் சாப்பிட்ட மாத்திரை..."

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்." அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து, ஷிப்ட் மாற்றும்போது பதிவேட்டை ஒப்படைக்கிற பவ்வியத்தோடு மேசையில் அடுக்கினார். "பதினொண்ணு, பத்து, ஒன்பது, எட்டு. இறங்கிட்டே இருக்கு. இறங்கற நேரத்துல எதுக்கு மருந்தை மாத்தணும்? எனக்கு ட்ரிப் வேண்டாம். இதே போதும்."

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்தாள். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இது எங்க ரிப்போர்ட் இல்லையே."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பரிசோதனைக்கூடத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. அங்கே தாள்களைக் கொடுக்கிற பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது.

"நான் அடிச்சது" என்றாள். "நாலும் நான் அடிச்சது. அங்க யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லை."

அவர் திடுக்கிடவில்லை. தாள்களைத் திரும்ப ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளிம்பைத் தட்டிச் சரிசெய்தார்.

"தெரியும்" என்றார்.

டாக்டரம்மாவுக்குக் கோபமும் திகைப்பும் ஒன்றாக வந்தன. "இது விளையாட்டு இல்லம்மா! இந்தத் தாளை நம்பி வேற ஒரு டாக்டர் மருந்தை நிறுத்தியிருந்தா? ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசிட்டு வாங்க. கால் மணி நேரம். அதுக்கு மேல எனக்கும் பொறுமை இல்ல, உங்களுக்கும் நேரம் இல்ல."

*

வராந்தாவில் இரும்பு பெஞ்ச். மழைத்தண்ணீர் குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் முதலில் கேட்டாள்.

"எப்போ தெரியும்?"

"முதல் தாள்லயே."

"எண்ணைப் பார்த்தா?"

"எண்ணுல என்ன இருக்கு? இடது ஓரத்துல மெல்லிசா ஒரு சாம்பல் கோடு. தலையிலேருந்து கால் வரைக்கும்." அவர் தாளின் ஓரத்தை விரலால் நீவினார். "உன் பிரிண்டர்ல விழற கோடு. எத்தனை ஞாயித்துக்கிழமை அதைக் கழட்டி உட்கார்ந்து துடைச்சிருப்பேன்! போகவே மாட்டேங்குது. அந்தக் கோடு எப்படிம்மா மருத்துவமனைக்குப் போகும்?"

அவளுக்கு அந்தக் கோடு கண்ணிலேயே பட்டதில்லை. பதினாறு வருடமாகத் தினமும் பார்த்துப் பார்த்து அது தாளின் நிறமாகவே ஆகிப்போயிருந்தது.

"அப்புறம் ஏன் கேட்கலை?"

"கேட்டிருந்தா நீ அழுதிருப்பே."

"இப்ப மட்டும் சிரிக்கிறேனா?"

"ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்பாங்க. நீ நாலோட நிறுத்திட்டே. கெட்டிக்காரிதான்." சொல்லிவிட்டு அவரே சிரிக்க முயன்று இருமினார். அவள் முதுகைத் தடவினாள். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டன. மாதக்கணக்காகத் தட்டுப்பட்டுக்கொண்டிருந்தவைதான்.

"என் பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டது நான். எனக்கா தெரியாது?" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன். இந்த நாலு மாசமும் நம்ம வீடு நல்ல நம்பர் வந்த வீடு மாதிரி இருந்துச்சு. நீ என்னோட உப்புக்குச் சண்டை போட்டே. பாத்ரூம் விளக்கை அணைக்கலைன்னு திட்டினே. எண்பத்தாறு வந்த மாசம் என்னைத் திட்டினியா? கண்ணாடிச் சாமான் மாதிரி எடுத்து எடுத்து வச்சே. தாங்க முடியலை என்னால."

"அதுக்காக? இன்னைக்கு உள்ள எதுக்கு அந்தத் தாளை எடுத்து நீட்டினீங்க? என்னை மாட்டிவிடவா?"

அவர் தாள்களை மடித்தார், பிரித்தார்.

"இல்ல முதலாளி. ஒரு நப்பாசை. பொய்னு தெரியும். ஆனா டாக்டரம்மா அதைப் பார்த்துட்டு ஒருவேளை 'ஆமா, சரிதான்'னுட்டா... அது நிஜமாயிடாதான்னு இருந்துச்சு. இருபத்தெட்டு வருஷம் மீட்டர் பார்த்தவன். எனக்கே அப்படி ஒரு புத்தி."

அவள் அப்போதுதான் அவரை நன்றாகப் பார்த்தாள். இத்தனை மாதமும் பயப்படுகிறவள் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவருக்காக அடித்துக் கொடுத்த தாளில் அவரும் கொஞ்சம் குடியிருந்திருக்கிறார்.

"நிஜத்தைச் சொல்லு" என்றார். "வரிசையா."

"பத்தொன்பது." அவள் விரலை மடக்கினாள். "முப்பத்தொண்ணு. ஐம்பத்திரண்டு. எழுபத்து நாலு. கல்லீரல்ல ரெண்டு புள்ளி."

அவர் கண்ணை மூடிக் கேட்டார். ஒவ்வொரு எண்ணுக்கும் தலையை லேசாக அசைத்தார். நாலு எண்ணும் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதற்காகவா நாலு மாதம்!

"ட்ரிப் போட்டுக்கணும்கறியா?"

"போட்டுக்கணும்."

"எனக்காகவா, உனக்காகவா?"

"எனக்காகத்தான்" என்றாள் அவள். இனிமேல் ஒரு பொய்கூட வேண்டாம் என்று தோன்றியது. "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும். வாந்தி வரும். வேலைக்குப் போக முடியாது. எல்லாம் தெரியும். இருந்தாலும் எனக்கு வேணும்."

அவர் பெஞ்சின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். "வா. அந்தம்மாவுக்குப் பொறுமை கால் மணி நேரம்தான்."

உள்ளே உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். "எவ்வளவு நாள் டாக்டரம்மா?"

"உங்க ஒருத்தருக்குன்னு சொல்ல என்கிட்ட மீட்டர் இல்ல. உங்களை மாதிரி நூறு பேருக்குச் சொல்லலாம். ட்ரிப் எடுத்துக்கறவங்கள்ல ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருஷத்தைத் தாண்டறாங்க. பாதிப் பேர் தாண்டறதில்ல. நம்பர் சீக்கிரம் இறங்கறவங்க பெரும்பாலும் தாண்டற பக்கம் இருக்காங்க. ஆனா எல்லாரும் இல்ல."

"எடுத்துக்கலேன்னா?"

"மாசக் கணக்கு. விரல் விட்டு எண்ணலாம்." டாக்டரம்மா குரலைக் கொஞ்சம் தணித்தாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். முதல் தடவை போட்டதும் நம்பர் ஏறினாலும் ஏறலாம். கட்டி உடையும்போது உள்ள இருக்கறது ரத்தத்துல கொட்டும். சில பேருக்கு அப்படி ஏறி இறங்கும். சில பேருக்கு மருந்து கேக்காமலே ஏறும். அந்த ஒரு நம்பரை வச்சு எதுன்னு என்னாலயும் சொல்ல முடியாது. அடுத்தடுத்துப் பார்த்துத்தான், ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும்."

"அதாவது, முள்ளு எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரம் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணும்."

"ஆமா."

"அந்த வேலைதான் எனக்குத் தெரிஞ்ச வேலை" என்று பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, உறவினர் கையெழுத்து என்றிருந்த இடத்தைக் காட்டிப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "போடு. உன் கையெழுத்தாப் போடு. வேற யாரோடதும் வேண்டாம்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

முதல் ட்ரிப் முடிந்து ஐந்து நாள் அவர் மனிதராக இல்லை. தண்ணீர் குடித்தால்கூடக் குமட்டியது. வாயெல்லாம் பித்தளையை நக்கிய ருசி என்றார். அரைமணி வந்து வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, பழப்பையை வைத்துவிட்டுப் போனான். அன்று அவன் சரியான நேரத்துக்கு வந்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். பதினைந்தாம் நாள் பாத்ரூம் விளக்கை அணைக்க மறந்தார். அவள் திட்டினாள், திட்டும்போது அவளுக்கே நன்றாக இருந்தது.

இருபதாம் நாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். மறுநாள் மாலை ரிப்போர்ட்.

பரிசோதனைக்கூடத்துப் பெண் உறையை நீட்டியதும், அங்கேயே பிரித்துப் பார்க்கிறவள் அன்று பார்க்கவில்லை. பையில் வைத்தாள். பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, உயிருள்ள எதையோ கொண்டுபோகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, உறையை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

"பார்க்கலையா?"

"இல்ல."

"ஆச்சரியமா இருக்கே." அவர் உறையின் வாயில் அடித்திருந்த பின்னை நகத்தால் நெம்பினார். முடி கொட்டிய தலையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. தாளைப் பிரித்தார், படித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர் இப்போது எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஐம்பது என்று சொல்லலாம். நாற்பது என்று சொல்லலாம். அதை நம்பிக்கொண்டு இன்று அவள் நன்றாகச் சாப்பிடலாம். அப்படி ஒரு பொய் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அவளுக்குத் தெரியவில்லை.

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றார்.

அவள் கையை நீட்டினாள். அவர் தாளைக் கொடுத்தார். 91.3.

"பாயிண்ட் மூணை முழுங்கிட்டீங்க."

"சும்மா பாயிண்ட் மூணுதானேன்னு விட்டேன்."

"அதையும் சொல்லணும்."

"சரி. தொண்ணூத்தி ஒண்ணு பாயிண்ட் மூணு. போதுமா?"

"ஏறியிருக்கு."

"ஆமா. ஏறியிருக்கு."

கட்டி உடைந்து கொட்டுகிறதா, மருந்தை மிதித்துக்கொண்டு வளர்கிறதா? எது என்று தாளில் இல்லை. டாக்டரம்மாவிடமும் இல்லை. தெரிந்துகொள்ள இன்னும் மூன்று வாரம் ஆகும். அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடை வாசலில் யாரோ காசால் கவுண்டரைத் தட்டினார்கள்.

"அக்கா! ரெண்டு காப்பி எடுக்கணும்!"

"கூப்பிடறாங்க பாரு" என்றார் அவர்.

"நிக்கட்டும்."

நான்கு மாதமாகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள், அன்று அவர் தோளில் சாய்ந்து, சத்தம் வெளியே கேட்கும் என்ற கவலையில்லாமல் அழுதாள். அவர் தடுக்கவில்லை. ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கண்ணைத் துடைத்தார். அவருடைய கண்ணை.

வாசலில் நின்றவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.